கூடையில் அப்பம் உள்ளவன்

எகிப்தின் அடிமைத்தளையினின்று விடுபட்டுப் பாலைநிலத்தில் நாற்பது ஆண்டுகள் அலைந்து திரிந்த இசுரவேல் மக்களுக்கு, ‘மன்னா’ என்னும் உணவு வைகறைதோறும் வானினின்று இறங்கிற்று என்பது யூதர்தம் மறைநூல் கூறும் செய்தி. கிறித்தவர்தம் பழைய ஏற்பாட்டில் அச்செய்தி அப்படியே உண்டு. திருக்குர்ஆனும் அதனைச் சுட்டுகின்றது. ஆகவே, பல சமயத்தாரும் கூடிவாழும் இந்நாட்டின் அவைகளில் இக்கதை அடிக்கடி எடுத்தாளப்படுவதில் வியப்பில்லை. எடுத்தாளப்படும் முறைதான் என்னை எழுதத் தூண்டிற்று.

அண்மையில் அத்தகைய அவையொன்றில் அமர்ந்திருந்தேன். இளைஞர் ஒருவர் எழுந்து, மன்னா என்பது ஒருவகைப் பூச்சியின் கழிவு என்று அறிவியலார் கண்டுவிட்டனர், ஆதலின் இக்கதையை மூடிவைத்துவிடலாம் என்றார். அவரை மறுக்க எழுந்தவர் முதியவர்; செல்வமும் செல்வாக்கும் உடையவர். மன்னாவின் படிப்பினை ஒன்றே என்று அவர் முழங்கினார். ஏழையானவன் இன்று கிடைத்ததை உண்டு மனநிறைவு கொள்ளல் வேண்டும். நாளைக்கு என்ன என்று கேட்பதும், கூடுதலாகக் கேட்பதும், சேர்த்துவைக்க எண்ணுவதும் இறைவன்மீது நம்பிக்கையின்மையாகும். இதனை யூத ஞானிகளே எழுதிவைத்துள்ளனர் என்றார். அவையினர் கைதட்டினர். நான் வாளா இருந்தேன். மேடை நாகரிகம் கருதி இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அப்பொழுது என்னிடம் விடை இல்லை. பின்னர் நூல்களைப் புரட்டினேன். இப்பொழுது இருக்கிறது.

இளைஞரை முதலில் முடித்துவிடுவோம். அவர் கூற்றில் பொய்யில்லை. சீனாய்த் தீவக்குறையில் வளரும் ஒருவகைச் சவுக்குச் செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் செதிற்பூச்சிகள் இனிப்பான துளிகளைக் கழிக்கின்றன. அத்துளிகள் பாலையின் வறண்ட காற்றில் இறுகி மணிமணியாய் உதிர்கின்றன. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த போடன்ஹைமரும் தியோடரும் 1927ஆம் ஆண்டில் அவ்விடத்திற்கே சென்று இதனை ஆய்ந்தனர். நாடோடி மக்கள் அதனை இன்றும் ‘மன்’ என்னும் பெயராலேயே அழைப்பதும் உண்மை. ஆயின் அது சர்க்கரை. ஆண்டில் சில வாரங்களே கிடைப்பது. ஒரு மக்களினம் நாற்பதாண்டுக் காலம் அதனை உண்டு உயிர்வாழ்ந்தது என்று எந்த அறிவியலாரும் எழுதவில்லை.

இந்த ‘புதிய’ கண்டுபிடிப்பு வாதமுறையில் புதியதும் அன்று. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 9ஆம் நூற்றாண்டில், பால்க் நகரத்து ஹீவி என்னும் யூதர், மன்னா என்பது பாரசீகத்தில் விளையும் செடித்தேனேயன்றி வேறில்லை என்று எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் உரையெழுதிய இப்னு எஸ்ரா அவருக்கு மறுப்புரைத்தார். அச்செடித்தேன் ஒரு பருவத்திலே மட்டும் கிடைப்பது. ஆறாம் நாளில் இருமடங்காய்ப் பெருகுவதில்லை. மக்கள் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்து வருவதில்லை என்று அடுக்கினார். வாதம் செம்மையானது. ஆயின் அவர் அத்துடன் நில்லாது, ஹீவியின் எலும்புகள் மட்கிப்போகட்டும் என்று சாபமும் இட்டார். அந்தச் சாபம் எனக்கு உடன்பாடன்று. ஐயம் கேட்ட மாணவனை அறைகின்ற ஆசிரியரின் செயல் அது. எனினும் எதிர்த்தரப்பு என்ன சொல்லிற்று என்பதைத் தம் உரையிலேயே பதிந்துவைத்தாரே, அதற்காக அவரை மன்னிக்கலாம். நம் இளைஞருக்கு நான் கூறுவது இதுதான்: பூச்சியைக் கண்டது நன்று, ஆனால் அந்த இயல் பூச்சியைப் பற்றியதன்று. அஃது உணவைப் பங்கிடுவது பற்றியது.

இனி முதியவரிடம் வருவோம். யூத ஞானிகளே சொன்னார்கள் என்று அவர் ஒருமையில் முடித்துவிட்டார். அந்த ஞானிகள் மன்னாவைப் பற்றி ஒரே குரலில் பேசியதே இல்லை. தல்மூதின் யோமா என்னும் பகுதியில் மன்னா குறித்து நெடிய உரையாடல் ஒன்று உண்டு. அங்கே ரப்பி அக்கிபா, அது வானவர் உண்ணும் உணவு என்கிறார். உடனே ரப்பி இஸ்மவேல், அக்கிபா தவறினார் என்று அவரிடமே போய்ச் சொல்லுங்கள், வானவர் அப்பம் உண்பதுண்டோ என்று ஆளனுப்புகிறார். இளைஞருக்கு அப்பச்சுவையும் முதியோர்க்கு எண்ணெய்ச் சுவையும் குழந்தைகட்குத் தேன்சுவையுமாய் மன்னா இருந்தது என்றார் ஒருவர். மன்னாவோடு மணிகளும் முத்துகளும் பொழிந்தன என்றார் இன்னொருவர். இந்தக் கடைசிச் செய்தியில் எனக்கு விருப்பமில்லை. பசிக்கு உணவு வந்த கதையில் முத்துக்கு என்ன வேலை? ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்ததும், மறுப்பையும் சேர்த்தே எழுதிவைத்ததும் அந்நூலின் பெருமை. அத்தகைய நூலிலிருந்து ஒரு வரியைக் கிள்ளிவந்து, ஞானிகள் தீர்ப்பு என்று ஏழையின் தலையில் வைப்பது நேர்மையன்று.

மறைநூல் என்ன சொல்கிறது என்பதை முதலிற் காண்போம். யாத்திராகமத்தின் 16ஆம் இயலில் மன்னாவுக்கு ஓர் அளவு விதிக்கப்பட்டுள்ளது. தலைக்கு ஓர் ஓமர். அஃது எப்பா என்னும் பேரளவையில் பத்தில் ஒரு பங்கு. தலைவனுக்கு ஒன்று, தொண்டனுக்கு ஒன்று, கூடாரத்தில் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் ஒன்று. சிலர் மிகுதியாகச் சேர்த்தனர். சிலர் குறைவாகச் சேர்த்தனர். அளந்து பார்த்தபோது மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிச்சமில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. பிரான்சு நாட்டில் வாழ்ந்த பேருரையாளர் ராஷி (1040–1105), வீட்டிற்கு வந்து அளந்தபோது எல்லாரும் ஒப்ப நின்றதே அங்கு நிகழ்ந்த பெரிய அற்புதம் என்கிறார். வானிலிருந்து உணவு விழுந்ததை நாம் வியக்கிறோம். ராஷியோ அளவுப்படியை வியக்கிறார். நம்மில் சிலர் இதனை மணிமேகலையின் அமுதசுரபியோடு ஒப்பிட்டு மகிழ்வர். அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாது வந்தவர்க்கெல்லாம் வழங்குவது. மன்னா ஒருவனுக்கு இவ்வளவே என்று வரையறுப்பது. இரண்டும் அருள்தான், எனினும் ஒன்றன்று.

அந்த ஓர் ஓமர் பட்டினியைப் போற்றும் அளவா? தல்மூதின் எருவின் என்னும் பகுதி இவ்வினாவுக்கு நேரே விடை கூறுகின்றது. ஓர் ஓமர் அளவு உண்பவன் உடல்நலமும் வாழ்த்தும் பெற்றவன். அதனினும் மிகுதியாக உண்பவன் பெருந்தீனிக்காரன். அதனினும் குறைவாக உண்பவனின் குடல் கெடும். மிகுதியைப் பழித்த அதே வாய் குறைவையும் பழித்தது. நம் முதியவர் முன்பாதியையும் சொல்லவில்லை, பின்பாதியையும் சொல்லவில்லை. முன்பாதி செல்வரைச் சுடும். பின்பாதி, ஏழையைக் குறைவோடு மனநிறைவு கொள்ளச் சொல்வாரைச் சுடும்.

சேர்த்துவைத்த கதைக்கு வருவோம். மோசேயின் சொல்லை மீறி மறுநாள்வரை மன்னாவை வைத்திருந்தார் சிலர். அது புழுத்து நாறியது, மோசே சினந்தார். அவ்வாறு வைத்தவர் யாவர் என்று மறைநூல் பெயர் சொல்லவில்லை. உரைமரபு சொல்லுகிறது, ராஷியும் அதனை எடுத்தெழுதுகிறார். அவர்கள் தாத்தானும் அபிராமும். இவ்விருவரும் யார்? பின்னாளில் கோராகுடன் சேர்ந்து மோசேக்கு எதிராய்க் கிளர்ந்தவர்கள். மோசே ஆளனுப்பி அழைத்தும் வரமாட்டோம் என்று விடை சொல்லியனுப்பும் அளவுக்குத் துணிவும் செல்வாக்கும் உடையவர்கள். பதுக்கியவனுக்குப் பெயர் சூட்ட வேண்டிவந்தபோது, உரைகாரரின் கை ஏதோ ஓர் ஏழைத் தாயை நோக்கி நீளவில்லை.

அப்படியாயின் முதியவர் சொன்ன மேற்கோள் பொய்யா? பொய்யன்று, வெட்டப்பட்டது. தல்மூதின் சோத்தா என்னும் பகுதியில் மூத்த ரப்பி எலியேசரின் கூற்று ஒன்று உண்டு. தன் கூடையில் அப்பம் இருக்கையில், நாளைக்கு என்ன உண்பேன் என்பவன் நம்பிக்கை குறைந்தவன் என்பது அதன் கருத்து. கூற்றின் முதற்பகுதியைக் கவனியுங்கள். கூடையில் அப்பம் உள்ளவனைப் பற்றியது அது. இலக்கணம் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் நிபந்தனை வினையெச்சத்தை நீக்கிவிட்டு வாக்கியத்துக்குப் பொருள் கூறமாட்டார். ‘மழை பெய்தால் குடை கொண்டு வா’ என்பதிலிருந்து முதலிரு சொற்களை உருவிவிட்டுக் கொளுத்தும் வெயிலில் குடை கொண்டுவராதவனைத் தண்டிப்பாருண்டோ?

கூடை வெறுமையாய் இருப்பவனைப் பற்றியும் அந்த ஞானிகள் பேசியிருக்கிறார்கள், அதே கூடையைச் சுட்டியே. உபாகமத்தின் 8ஆம் இயல், இறைவன் உன்னைச் சிறுமைப்படுத்தும்பொருட்டு மன்னாவை ஊட்டினான் என்னும் பொருள்பட ஓரிடத்தில் கூறுகின்றது. நாள்தவறாமல் உணவு வந்திருக்க, அதில் துன்பம் எங்கே என்று யோமா வினவுகிறது. ரப்பி அம்மி, ரப்பி அசி என்னும் இருவர் விடை கூறினர். கூடையில் அப்பம் உள்ளவனும் கூடையில் அப்பம் இல்லாதவனும் ஒப்பாகார் என்றார் ஒருவர். கண்டு உண்பவனும் காணாது உண்பவனும் ஒப்பாகார் என்றார் மற்றவர். பின்னதைக் கேட்ட ரப்பி யோசேப்பு, அதனாற்றான் பார்வையற்றோர் உண்டும் நிறைவு பெறுவதில்லை என்றார். அவர்தாமே பார்வை இழந்தவர்.

முன்னவர் கூற்றை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நெகிழ்கின்றது. வயிறு நிறைந்திருக்கும்போதே நாளைக்கு இல்லையே என்னும் நடுக்கம் ஒருவனைத் தின்றுவிடும். அதுவும் பசியே, அதுவும் துன்பமே என்று அவர் ஒப்புக்கொள்கிறார். வானத்திலிருந்து நாள்தோறும் உணவு வந்த மக்களுக்கே அந்த நடுக்கம் இருந்தது என்றால், மாதக்கடைசியில் அரிசிப் பானையை எட்டிப்பார்க்கும் தாய்க்கு இருக்காதா? அவளை நம்பிக்கையற்றவள் என்று சொல்ல யார்க்கு வாய் வரும்?

உழைப்பின்றி இருக்க மன்னாவைச் சான்று காட்டுவாரும் உளர். அவர்க்கு ஊன்றுகோலாய் நிற்பவர் ரப்பி சிமோன் பார் யோகாய். மன்னா ஆண்டுக்கொரு முறை இறங்காது நாள்தோறும் இறங்கியது ஏன் என்று மாணாக்கர் கேட்டபோது அவர் சொன்ன உவமை அழகானது. அரசன் ஒருவன் தன் மகனுக்கு ஆண்டுக்கு ஒருமுறை உணவுப்பொருள் அளந்தான்; மகன் ஆண்டுக்கு ஒருமுறையே தந்தையைக் காண வந்தான். நாள்தோறும் அளக்கத் தொடங்கினான். மகனும் நாள்தோறும் வந்தான். தந்தையின் ஏக்கத்தை இவ்வளவு எளிதாய்ச் சொன்ன உவமை வேறு நான் கண்டதில்லை. ஆயினும் அதே பார் யோகாய், மனிதன் உழுது விதைத்து அறுத்துக்கொண்டிருந்தால் மறையை எப்பொழுது கற்பது என்று கேட்டு, உழைப்பைப் பிறர்க்கு விட்டுவிடச் சொன்னார். ரப்பி இஸ்மவேல், கல்வியோடு தொழிலையும் சேர்த்துச் செய் என்றார். தல்மூதின் பெரகோத் பகுதியில் இவ்வழக்கிற்கு அபாயே என்னும் பிற்காலத்தறிஞர் தீர்ப்பு எழுதினார்: இஸ்மவேல் வழியில் பலர் சென்றனர், வென்றனர், பார் யோகாய் வழியில் பலர் சென்றனர், வெல்லவில்லை. முப்பதாண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் அபாயேக்கு என் கையொப்பத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மன்னா பற்றிய இயலை ஓதுதல் நன்று என்று யூதர்தம் சட்டத்தொகுப்பாகிய சுல்கான் ஆருக் கூறுகின்றது. காலப்போக்கில், குறிப்பிட்ட ஒரு வாரத்தின் செவ்வாய்க்கிழமையில் அதனை ஓதினால் வருவாய் பெருகும் என்னும் நம்பிக்கை, 1815இல் மறைந்த ரிமனோவ் நகரத்து ரப்பி மெனக்கம் மெண்டலின் பெயரால் பரவிற்று. ஓதுவார் நெஞ்சில் என்ன உண்டென்று நான் அறியேன். குழந்தைகளின் பாலுக்காக ஓதுவாரும் இருப்பர். ஆனால் மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிச்சமில்லை என்று கூறும் இயலை மிச்சம் வேண்டி ஓதுவது எவ்வளவு பெரிய முரண்! நம் ஊரிலும் துறவு பாடிய பாட்டைக் கடைதிறப்பு விழாவில் பாடக் கேட்டிருக்கிறேன். ஆதலின் யூதரை மட்டும் நகையாட நமக்கு உரிமையில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு என் குற்றத்தை மறைப்பது முறையன்று.

என் பள்ளியில் வறிய மாணவர்க்குக் காலையுணவு வழங்கப்பெறும். சில ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் ஆண்டில் பயின்ற சிறுவன் ஒருவன் தன் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமல் புத்தகப்பைக்குள் நுழைப்பதைக் கண்டேன். தேங்காய்ப்பால் சோறு, மாலைக்குள் ஊசிவிடும். உண்ணக் கொடுத்ததைப் பதுக்கலாமா என்று பலர் முன்னிலையில் கடிந்தேன். அப்போது எனக்கும் மன்னாக் கதை மேலோட்டமாய்த் தெரியும். சேர்த்துவைத்த உணவு புழுத்த கதையை அவனுக்குச் சொல்லி, அங்கேயே உண்ணச் செய்தேன். அவன் அழுதுகொண்டே உண்டான். பிறகு, “நாளைக்குப் பள்ளி இல்லீங்க ஐயா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அது விடையென்று அப்பொழுது எனக்கு விளங்கவில்லை. சொல்லுக்குச் சொல் காட்டுகிறான் என்றுகூட எண்ணினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. யூதர் கணக்கில் அதுவே ஆறாம் நாள். ஓய்வுநாளில் மன்னா இறங்காது. ஆகவே ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர் கிடைத்தது. மறுநாளுக்கென்று எடுத்துவைத்த அந்தப் பங்கு புழுக்கவுமில்லை, நாறவுமில்லை. அதன் நினைவாகவே யூதர் ஓய்வுநாள் உணவில் இரண்டு அப்பங்களை வைத்து வாழ்த்துரைக்கின்றனர். நான் சிறுவனுக்குச் சொன்ன அதே இயலில், சில வரிகள் தள்ளி, இது இருக்கின்றது. நான் அதுவரை படிக்கவில்லை. நாளைக்கு வரும் என்னும் உறுதி உள்ள நாளில் பதுக்கியதே புழுத்தது. நாளைக்கு வாராது என்னும் நாளில் எடுத்துவைக்கச் சொன்னவனே மோசேதான். அச்சிறுவன் மோசேயின் சட்டத்தைக் கல்லாமலே கைக்கொண்டிருந்தான். தலைமையாசிரியர் அவனைத் தாத்தானாக்கினார்.

இப்பொழுது எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமைகளில், ஊசிப்போகாத ரொட்டியும் மாப்பால் பொட்டலமும் வீட்டிற்குக் கொடுத்தனுப்புகிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் பொருளுதவி செய்கின்றனர். இது பழக்கத்தைக் கெடுக்கும் என்று கூட்டத்தில் ஒருவர் எதிர்த்தார். அவர் வீட்டுக் குளிர்ப்பெட்டி எவ்வளவு பெரிது என்று கேட்க நா துடித்தது, கேட்கவில்லை.

அவையில் கைதட்டுப் பெற்ற பெரியவருக்கு, அன்று எடுத்துரைக்க இயலாத செய்தி ஒன்றையும் இங்கே எழுதுகிறேன். மோசே மறைந்தது அதார் மாதம் 7ஆம் நாள் என்பது யூதமரபு. அன்றோடு மன்னா இறங்குவது நின்றது. மக்களோ யோர்தானைக் கடந்து, கானான் நிலத்தின் விளைச்சலை உண்ணத் தொடங்கியது நிசான் மாதம் 16ஆம் நாளில். இடைப்பட்ட ஒரு மாதத்திற்கு மேற்பட்ட காலம் அவர்கள் எதனை உண்டார்கள் என்னும் வினாவுக்குத் தல்மூதின் கித்துசின் பகுதி விடை தருகின்றது: தங்கள் பாண்டங்களில் இருந்த மன்னாவை உண்டார்கள். ஓரிரவு வைத்தால் புழுத்த அதே மன்னா, இனி வாராது என்றானபின் நாற்பது நாள் அளவும் பாண்டத்தில் கெடாமல் இருந்திருக்கின்றது. அவர்களுள் எவரையும் நம்பிக்கை குறைந்தவர் என்று எந்த உரைகாரரும் எழுதியதாக நான் காணவில்லை.